குடும்பத்துக்கும் பயிற்சிக்கும் ஒரே சிறு விமானம்: இந்தியாவில் ஒரு தேர்வின் வரலாறு

சிறு விமானம் ஒன்றை வாங்க நினைக்கும் தனிநபரோ பிளையிங் கிளப்போ தொடக்கத்திலேயே ஒரு கேள்விக்குப் பதில் தேட வேண்டியிருக்கிறது. வார இறுதியில் மனைவி மக்களை ஏற்றிச் செல்லவும், வார நாள்களில் மாணவருக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கவும் ஒரே விமானம் போதுமா? இந்தக் கேள்வி நூறாண்டுப் பழமையானது. 1925-இல் இங்கிலாந்தில் உருவான 'மாத்' விமானம் இதற்கு ஒரு விடை சொன்னது. 1958-இல் பெங்களூரில் உருவான 'புஷ்பக்' வேறொரு விடை சொன்னது. அமெரிக்க 'செஸ்னா' மூன்றாவது விடையானது. இக்கட்டுரை இந்த விடைகளை இந்திய, தமிழக வரலாற்றின் வழியே காண்கிறது. திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள ராதாபுரம் வட்டாரத்தின் காற்றையும் வெயிலையும் நிலத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, தேர்வுக்கான கணக்குகளையும் விளக்குகிறது.

இரண்டு தேவைகள்

பயிற்சி விமானத்துக்கு உறுதியான சக்கரக் கால்கள் வேண்டும். கற்றுக்கொள்பவர் தரையிறங்கும்போது விமானத்தைத் தொப்பென்று போடுவார். அதைப் பல நூறு முறை அது தாங்க வேண்டும். இரண்டு பேர் இருக்க இடமும், இருவரும் இயக்கக்கூடிய இரட்டைக் கட்டுப்பாடுகளும் போதும். எரிபொருள் செலவு குறைவாக இருக்க வேண்டும். பழுது பார்ப்பது எளிதாக இருக்க வேண்டும்.

குடும்ப விமானத்தின் தேவைகள் வேறு. மூன்று அல்லது நான்கு இருக்கைகள், மழையும் காற்றும் புகாத மூடிய அறை, பெட்டி படுக்கைக்கு இடம், ஓரளவு வேகம், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் வசதி ஆகியவை அதற்கு வேண்டும். இருக்கை கூடினால் எடை கூடும். எடை கூடினால் இயந்திரம் பெரிதாகும். இயந்திரம் பெரிதானால் ஒரு மணி நேரப் பயிற்சிக் கட்டணம் ஏறும். இந்தச் சங்கிலியை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதே வடிவமைப்பாளர்களுக்கும் வாங்குவோருக்கும் இருந்த சிக்கல்.

'மாத்' தந்த முதல் விடை

ஜெப்ரி டி ஹாவிலண்ட் வடிவமைத்த டி.எச்.60 மாத் 1925 பிப்ரவரி 22 அன்று லண்டனுக்கு அருகே ஸ்டாக் லேன் என்னுமிடத்தில் முதன்முதலாகப் பறந்தது. அந்துப்பூச்சிகளில் ஆர்வம் கொண்டவர் என்பதால் தம் விமானங்களுக்கு அவர் அந்துப்பூச்சியைக் குறிக்கும் 'மாத்' என்ற பெயரை இட்டார். மரச்சட்டத்தில் அமைந்த இந்த இரட்டை இறக்கை விமானத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு திறந்த இருக்கைகள் இருந்தன. முதலில் பொருத்தப்பட்ட சிர்ரஸ் இயந்திரத்தின் ஆற்றல் 60 குதிரைத்திறன். பழைய எட்டு உருளை இயந்திரத்தைப் பாதியாக்கி உருவாக்கிய வடிவம் அது. 1928-இல் புதிய ஜிப்சி இயந்திரம் வந்தபின் இவ்விமானம் 'ஜிப்சி மாத்' எனப் பெயர்பெற்றது.

மாத் விமானத்தின் இறக்கைகளைப் பின்னோக்கி மடிக்கலாம். மடித்தபின் அதைக் காரின் பின்னே கட்டி இழுத்துச் சென்று வீட்டுக் கொட்டகையில் நிறுத்தலாம். இது குடும்பத்துக்கான ஏற்பாடு. பயிற்றுநர் முன் இருக்கையிலும் மாணவர் பின் இருக்கையிலும் அமர்ந்தனர். இரைச்சலுக்கிடையே பேசுவதற்கு வாயிலிருந்து காதுக்கு ஒரு குழாய் சென்றது. முதல் உலகப் போர்க்காலத்தில் காஸ்போர்ட் பயிற்சிப் பள்ளியில் வழக்கத்துக்கு வந்ததால் அதற்குக் காஸ்போர்ட் குழாய் என்று பெயர். இது பயிற்சிக்கான ஏற்பாடு. பிரித்தானிய அரசு பிளையிங் கிளப்புகளுக்கு நிதியுதவி அளித்து இவ்விமானத்தைப் பரப்பியது. ஒரே விமானம் இரண்டு வேலைக்கும் பொருந்தும் என்ற எண்ணம் இவ்வாறு வேரூன்றியது.

இந்தியாவில் பிளையிங் கிளப்புகள்

தமிழ்நாட்டில் பறத்தல் ஆர்வம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. சென்னையில் விடுதி நடத்திவந்த டி ஏஞ்சலிஸ் என்பவர் சிம்ப்சன் நிறுவனத்தின் உதவியுடன் ஒரு விமானத்தை உருவாக்கி 1910-இல் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். ஆனால் பலரும் சேர்ந்து கற்கும் ஏற்பாடு 1920-களின் இறுதியில்தான் வந்தது. 1927-இல் ஏரோ கிளப் ஆப் இந்தியா அண்டு பர்மா என்ற தலைமை அமைப்பு தோன்றியது. அடுத்த சில ஆண்டுகளில் தில்லி, பம்பாய், கல்கத்தா, கராச்சி, சென்னை ஆகிய நகரங்களில் கிளப்புகள் இயங்கத் தொடங்கின. 1929 பிப்ரவரி 10 அன்று ஜே. ஆர். டி. டாடா இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தைப் பெற்றார். மெட்ராஸ் பிளையிங் கிளப் மீனம்பாக்கத்தைக் களமாகக் கொண்டது. சென்னை விமான நிலையத்தின் தொடக்க வரலாறு அந்தக் கிளப்பின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது.

இக்கிளப்புகளின் முதன்மையான விமானம் ஜிப்சி மாத். ஒரு கிளப்பில் உறுப்பினராகச் சேர்ந்தவர் அதே விமானத்தில் கற்றுக்கொண்டு, உரிமம் பெற்றபின் அதையே வாடகைக்கு எடுத்து உறவினரை ஏற்றிச் செல்ல முடிந்தது. சொந்தமாக விமானம் வாங்க இயலாத நடுத்தர வசதியுள்ளவர்க்கும் வானம் எட்டியது இந்த ஏற்பாட்டால்தான்.

இதற்குச் சிறந்த சான்று சரளா தக்ரால். இவர் 1936-இல், தமது 21-ஆம் வயதில், லாகூரில் சேலை உடுத்திக்கொண்டு ஜிப்சி மாத் விமானத்தைத் தனியே ஓட்டினார். அப்போது அவருக்கு நான்கு வயது மகள் இருந்தாள். கணவர் பி. டி. சர்மா விமானி, பறக்கக் கற்றுக்கொள்ளும்படி மனைவியைத் தூண்டியவர் அவரே. 1939-இல் விமான விபத்து ஒன்றில் கணவர் இறந்தார். சரளா வணிக விமானி உரிமம் பெற முயன்றார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் பொதுமக்களுக்கான பயிற்சி நின்றது. அவர் ஓவியத்துக்கும் வடிவமைப்புக்கும் திரும்பினார். குடும்பமும் பயிற்சியும் ஒரே விமானத்தில் சந்தித்த காலத்தின் மகிழ்ச்சியும் துயரமும் அவர் வாழ்வில் ஒருங்கே காணப்படுகின்றன.

வழிகள் பிரிந்தன: டைகர் மாத், பஸ் மாத், பாக்ஸ் மாத்

1930-களில் ஒரே விமானம் என்ற எண்ணம் தளரத் தொடங்கியது. இராணுவப் பயிற்சியில் வான்குடை அணிந்த பயிற்றுநர் அவசரத்தில் வெளியே குதிக்க வேண்டும். மாத் விமானத்தின் முன் இருக்கையைச் சுற்றி மேல் இறக்கையின் தாங்குகால்கள் நின்றதால் அது கடினமாக இருந்தது. எனவே 1931-இல் வந்த டைகர் மாத் விமானத்தில் தாங்குகால்கள் முன்னே நகர்த்தப்பட்டன. எடைச் சமநிலைக்காக இறக்கைகள் பின்னோக்கிச் சாய்க்கப்பட்டன. மடிக்கும் வசதி கைவிடப்பட்டது. பயிற்சிக்காக ஒரு மாற்றம் செய்தபோது குடும்பத்துக்கான வசதி ஒன்று போயிற்று.

மறுபக்கத்தில் 1929-இல் பஸ் மாத் வந்தது. ஒற்றை இறக்கை, மூடிய அறை, இரண்டு அல்லது மூன்று இருக்கைகள் கொண்ட பயண விமானம் இது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தது பஸ் மாத் விமானத்தில்தான். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகத் தபாலைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். ஆனால் பஸ் மாத் விமானங்கள் சில நடுவானில் இறக்கை முறிந்து வீழ்ந்ததால் அவ்வடிவம் தீவிர ஆய்வுக்கு உள்ளாகி வலுப்படுத்தப்பட்டது. வசதியான விமானம் எல்லா வகையிலும் பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது என்பதை அது உணர்த்தியது.

1932-இல் வந்த பாக்ஸ் மாத் சுவையான ஒரு நடுவழி. டைகர் மாத் விமானத்தின் இறக்கை, வால் போன்ற உறுப்புகளையே பயன்படுத்தி, நடுவில் மூன்று நான்கு பேர் அமரும் மூடிய அறையை வைத்தார்கள். விமானி மட்டும் அவ்வறைக்குப் பின்னே திறந்த இருக்கையில் வெயிலிலும் மழையிலும் அமர்ந்தார். பயிற்சி விமானத்தின் உறுப்புகளைக் கொண்டே பயண விமானம் செய்தால் செலவு குறையும் என்பது இதன் கருத்து. டாடா நிறுவனமும் இவ்வகை விமானத்தைப் பயன்படுத்தியது. 1935-இல் அந்நிறுவனத்தின் வான்பயணச் சேவை திருவனந்தபுரத்தை எட்டியது. அங்கே விமானத் தளம் அமையப் பாடுபட்டவர் கோதவர்ம ராஜா. இவர் தாமே விமானி. 1971-இல் குலு பள்ளத்தாக்கில் நேர்ந்த விமான விபத்தில் உயிரிழந்தார்.

புஷ்பக்: பெங்களூர் தந்த விடை

விடுதலைக்குப்பின் போர்க்காலத்து டைகர் மாத் விமானங்களே கிளப்புகளில் மிகுந்திருந்தன. பெங்களூர் இந்துஸ்தான் ஏர்கிராப்ட் நிறுவனம் வி. எம். காட்கே தலைமையில் உருவாக்கிய எச்.டி.2 விமானம் 1951-இல் பறந்தது. அது ஒன்றன்பின் ஒன்றாக இருவர் அமரும் பயிற்சி விமானம், விமானப்படைக்கு ஏற்றது. கிளப்புகளுக்கு அதைவிட எளிய, மலிவான விமானம் தேவைப்பட்டது.

1958 செப்டம்பர் 28 அன்று புஷ்பக் பறந்தது. எஃகுக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்திய உடல், மேலே அமைந்த இறக்கை, 90 குதிரைத்திறன் காண்டினெண்டல் இயந்திரம், வால் சக்கரம் ஆகியவை இதன் அமைப்பு. அமெரிக்க ஏரோங்கா சீப் விமானத்தை ஒத்தது. 150-க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டு நாடெங்கும் உள்ள கிளப்புகளுக்குச் சென்றன. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்ததால் பயிற்றுநர் மாணவரின் கை, கால், முகம் மூன்றையும் பார்க்க முடிந்தது. கரும்பலகைமுன் நின்று மாணவர் முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்திய எவருக்கும் இதன் பயன் எளிதில் விளங்கும்.

இராமாயணப் புஷ்பக விமானத்தில் எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஒருவருக்கு இடமிருக்கும் என்பது நம் மரபுக்கதை. பெங்களூர்ப் புஷ்பக்கில் இரண்டே இருக்கைகள். குழந்தையோடு பயணம் செய்ய விரும்பியவருக்கு அது உதவவில்லை. இக்குறையை உணர்ந்து அந்நிறுவனம் புஷ்பக்கைப் பெரிதாக்கி நான்கு இருக்கை விமானம் ஒன்றை 1959-இல் பறக்கவிட்டது. வாங்குவாரின்றி அத்திட்டம் தேங்கியது. பின்னர் அதே வடிவம் தரைப்படையின் கண்காணிப்புத் தேவைக்காக மாற்றப்பட்டு 'கிருஷக்' என்ற பெயரில் பணியாற்றியது. இந்தியாவில் குடும்ப விமானம் என்ற கருத்துக்குச் சந்தை எவ்வளவு சிறியதாக இருந்தது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. 1960, 70-களில் இந்தியாவில் பயின்ற விமானிகளில் பலருக்குப் புஷ்பக் முதல் பள்ளிக்கூடம். நாற்பது வீட்டுக் குழந்தைகளுக்கு ஒரு வகுப்பறை போல, பல குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஒரு விமானம் என்ற பொது ஏற்பாடே இங்கு நிலைத்தது.

செஸ்னா: இருக்கையும் செலவும்

அமெரிக்காவில் சந்தை பெரிது. அங்கே செஸ்னா நிறுவனம் ஒரே குடும்பச் சாயல் கொண்ட இரண்டு விமானங்களைச் செய்து சிக்கலைத் தீர்த்தது. இரண்டு இருக்கை கொண்ட 150, அதன்பின் 1977-இல் வந்த 152 ஆகியவை பயிற்சிக்கு. 1956-இல் விற்பனைக்கு வந்த நான்கு இருக்கை 172 குடும்பத்துக்கு. மேல் இறக்கை, மூக்குச் சக்கரம், பக்கவாட்டு இருக்கைகள் என எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் 152-இல் கற்றவர் சில மணி நேரத்தில் 172-க்கு மாற முடிந்தது. காலப்போக்கில் 172 விமானமே பயிற்சிக்கும் பரவலானது. 44,000-க்கும் மேல் உருவான இவ்விமானமே உலகில் மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்டது. இந்தியப் பயிற்சி நிலையங்களிலும் இவ்விரண்டும் புஷ்பக்கின் இடத்தைப் பிடித்தன.

கணக்கு 1: எடை

மாணவர்கள் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். செஸ்னா 152 புறப்படும்போது இருக்கத்தக்க மிகுந்த எடை 757 கிலோ. கருவிகளுடன் அதன் வெற்று எடையைச் சுமார் 500 கிலோ எனக் கொள்வோம். மீதி 257 கிலோ. கலனை நிரப்பினால் பயன்படும் எரிபொருள் சுமார் 93 லிட்டர். விமானப் பெட்ரோல் லிட்டருக்கு 0.72 கிலோ என்பதால் அது 67 கிலோ. ஆள்களுக்கும் பொருளுக்கும் எஞ்சுவது 190 கிலோ. 75 கிலோ எடையுள்ள இருவர் ஏறினால் 40 கிலோ மிஞ்சும். பயிற்சிக்கு இது போதும்.

செஸ்னா 172-இன் எஸ் வகைக்கு மிகுந்த எடை 1,157 கிலோ. வெற்று எடையைச் சுமார் 770 கிலோ எனக் கொண்டால் மீதி 387 கிலோ. நிறைந்த எரிபொருள் 200 லிட்டர், அதாவது 144 கிலோ. எஞ்சுவது 243 கிலோ. நான்கு இருக்கைகள் இருந்தும் 75 கிலோ எடையுள்ள பெரியவர் நால்வர், அதாவது 300 கிலோ, நிறைந்த கலனுடன் பறக்க இயலாது. எரிபொருளைக் குறைக்க வேண்டும். அல்லது ஒருவரை இறக்க வேண்டும். பெற்றோரும் இரு சிறு பிள்ளைகளும் என்றால் பறக்கலாம். பிள்ளைகள் வளர வளர விமானம் சிறிதாகிவிடும். இருக்கையின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்குவோர் தவறவிடும் உண்மை இது.

கணக்கு 2: வெயிலும் காற்றும்

மேலைநாட்டு நூல்களில் உள்ள புறப்பாட்டு அளவுகள் 15 பாகை செல்சியசை அடிப்படையாகக் கொண்டவை. ராதாபுரம் பகுதியில் கோடைப் பகலில் வெப்பம் 38 பாகை என்று கொள்வோம். வேறுபாடு 23 பாகை. ஒவ்வொரு பாகைக்கும் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 120 அடி உயரத்தில் இருப்பதுபோலக் குறையும். 23 × 120 = 2,760 அடி. கடலோரச் சமவெளியிலுள்ள ஓடுதளமும் அந்நேரத்தில் 2,700 அடி மலைமேல் இருப்பதற்குச் சமம். இயந்திரத்தின் ஆற்றல் குறையும்; ஓடவேண்டிய தூரம் கூடும். எனவே பயிற்சியை விடியற்காலையில் வைப்பதும், குடும்பத்தோடு பறக்கும்போது சுமையைக் குறைப்பதும் இங்கே கட்டாயமாகின்றன.

அடுத்தது காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று சீறிப் பாய்வதால்தான் முப்பந்தல், காவல்கிணறு, பணகுடி, ராதாபுரம் பகுதிகள் காற்றாலைக் காடாயின. காற்றாலைக்கு வரமான காற்று சிறு விமானத்துக்குச் சோதனை. செஸ்னா 152 விமானத்தில் சோதித்துக் காட்டப்பட்ட குறுக்குக் காற்றின் வேகம் 12 நாட், அதாவது மணிக்கு 22 கிலோமீட்டர். 172-க்கு 15 நாட், அதாவது 28 கிலோமீட்டர். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் ஊரில் இவ்வளவுகள் எளிதில் கடக்கப்படும். மேற்கே மகேந்திரகிரி 1,600 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது. மலையைத் தாண்டி வரும் காற்று சுழன்று அலைக்கும். விஜயநாராயணத்தில் உள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளத்தின் கோபுரங்கள் 471 மீட்டர் உயரமானவை. கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகமும் பாதுகாக்கப்பட்ட இடங்கள். இங்கே பறப்பவர் விமானத்தை அறிந்தால் போதாது. வட்டாரத்தையும் அறிய வேண்டும்.

கணக்கு 3: மணி நேரமும் துருவும்

இதுவே குடும்பத்தையும் பயிற்சியையும் ஒன்றாக்கத் தூண்டும் கணக்கு. 172 விமானத்தின் லைகாமிங் இயந்திரத்தைச் சுமார் 2,000 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுமையாகப் பிரித்துச் செப்பனிட வேண்டும் என்பது தயாரிப்பாளர் பரிந்துரை. ஒரு குடும்பம் ஆண்டுக்கு 60 மணி நேரம் பறந்தால் அதை எட்ட 33 ஆண்டுகள் ஆகும். ஆனால் மணி நேரம் முடியாவிட்டாலும் 12 ஆண்டுகளில் செப்பனிட வேண்டும் என்பதும் பரிந்துரையே. பறக்காத இயந்திரம் உள்ளே துருப்பிடிக்கும். உவரி, இடிந்தகரை போன்ற கடற்கரைகளின் உப்புக் காற்றில் இன்னும் விரைவாக. பயிற்சியில் ஆண்டுக்கு 600 மணி நேரம் ஓடினால் 2,000 மணி மூன்றே கால் ஆண்டில் முடிந்துவிடும். நிறுத்துமிடக் கட்டணம், காப்பீடு, ஆண்டுச் சோதனை ஆகிய நிலையான செலவுகள் பல மணி நேரத்துக்குப் பகிரப்படுவதால் ஒவ்வொரு மணியும் மலிவாகும்.

இதன் மறுபுறமும் உண்டு. மாணவர்கள் தரையிறக்கத் தவறும்போது அடி வாங்குவது மூக்குச் சக்கரமும் அதைத் தாங்கும் சுவரும். காலையில் பத்து முறை அடி வாங்கிய விமானத்தில் மாலையில் குழந்தைகள் ஏறுகிறார்கள். ஒவ்வொரு கடினமான தரையிறக்கத்தையும் மறைக்காமல் பயணக் குறிப்பேட்டில் எழுதும் ஒழுக்கம் இல்லாவிட்டால் இரட்டைப் பயன்பாடு ஆபத்தானது. சட்டமும் கவனிக்கத்தக்கது. இந்தியாவில் கட்டணம் பெற்றுப் பயிற்சி அளிக்க விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஒப்புதல் பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும். தனியார் விமானி உரிமம் மட்டும் உடையவர் பறப்பதற்குக் கூலி பெற முடியாது. ஆகவே தன் வீட்டு விமானத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காசு வாங்கிக் கற்றுக்கொடுப்பது நினைத்தவுடன் நடக்கும் காரியமன்று.

அண்மைக்காலம்

பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகம் கூட்டுப்பொருள்களால் ஆன 'ஹன்சா' விமானத்தை 1993-இல் பறக்கவிட்டது. அதன் புதிய தலைமுறை வடிவம் 2021 செப்டம்பர் 3 அன்று பறந்தது. 2022 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் புதுச்சேரியில் கடல்மட்டச் சோதனைகள் நடந்தன. இதுவும் பக்கவாட்டில் இருவர் அமரும் பயிற்சி விமானமே. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் இந்தியத் தேர்வு புஷ்பக்கின் வழியிலேயே நிற்கிறது.

வெளிநாட்டில் வாழும் நம்மவரிடையே மறுவழியும் தெரிகிறது. கேரளத்திலிருந்து சென்று பிரிட்டனில் வாழும் பொறியாளர் ஒருவர் இரண்டு இருக்கை விமானங்களில் பறந்துவந்தார். மனைவியும் இரு மகள்களும் சேர்ந்து பறக்க அவை போதாமையால், கொரோனா பொதுமுடக்கக் காலத்தில் தொகுப்பாக வாங்கிய உறுப்புகளைக் கொண்டு ஸ்லிங் வகை நான்கு இருக்கை விமானத்தைத் தாமே பொருத்தி, 2022-இல் குடும்பத்துடன் பறந்த செய்தி பரவலாக வெளிவந்தது. கற்றது ஒன்றில், குடும்பம் ஏறியது வேறொன்றில்.

தேர்வுக்கான வினாக்கள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து வாங்குவோர் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் தெளிவாகின்றன.

1. ஆண்டில் எத்தனை மணி நேரம் பயிற்சி, எத்தனை மணி நேரம் பயணம்? பெரும்பகுதி எதுவோ அதற்கேற்ற விமானமே சரி.
2. குடும்பத்தினரின் இன்றைய எடை எவ்வளவு, ஐந்தாண்டு கழித்து எவ்வளவு?
3. கோடை நண்பகலில் அருகிலுள்ள ஓடுதளத்தில் முழுச் சுமையுடன் எழும்ப முடியுமா?
4. உதிரி உறுப்பும் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரும் எங்கே கிடைப்பர்?
5. விமானத்தின் குறிப்பேடுகள் முழுமையாக உள்ளனவா?

தென் மாவட்ட மாணவர்களுக்கு

ராதாபுரத்திலிருந்து வான்வழியில் தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையம் சுமார் 60 கிலோமீட்டர். திருவனந்தபுரம் சுமார் 90 கிலோமீட்டர். திருவனந்தபுரத்தில் பழைய கேரள பிளையிங் கிளப்பின் தொடர்ச்சியான ராஜீவ் காந்தி விமானத் தொழில்நுட்பக் கழகம் உள்ளது. இந்திய விமான நிலைய ஆணையம் 2022-இல் பயிற்சி நிலையங்களுக்காகத் தேர்ந்த இடங்களில் சேலமும் ஒன்று. தனியார் விமானி உரிமத்துக்கு 40 மணி நேரமும் வணிக உரிமத்துக்கு 200 மணி நேரமும் பறக்க வேண்டும். 200 மணி நேரத்தின் செலவு பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு அந்த விமானம் குடிக்கும் எரிபொருளாலும் அதன் பராமரிப்பாலும் முடிவாகிறது. ஆகவே ஒரு பயிற்சி நிலையம் எந்தச் சிறு விமானத்தைத் தேர்ந்தது என்பது, பனைத்தொழிலாளி வீட்டுப் பிள்ளையோ மீனவர் வீட்டுப் பிள்ளையோ அங்கே சேர முடியுமா என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறது. பயிற்சி நிலையத்தில் சேர விரும்பும் மாணவர் அங்குள்ள கட்டடத்தைப் பார்ப்பதற்குமுன், நிறுத்தி வைத்திருக்கும் விமானங்களின் வகையையும், அவற்றுள் பறக்கும் நிலையில் உள்ளவை எத்தனை என்பதையும் கேட்டு அறிவது நல்லது.